மலைப்பாம்பு வரிசைக்குக் கொடுத்த வாக்கு

அந்தக் காலத்தில் கணினியும் கிடையாது, கரண்டும் கிடையாது. ஆனால் பேச்சுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. எறும்பிலிருந்து யானை வரை எல்லாருக்கும் வாய் இருந்தது. வாய் இருந்த எல்லாருக்கும் சொல்வதற்கு ஒரு குறையும் இருந்தது. அந்தக் குறைகளையெல்லாம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு ஏழுபாறைக் காட்டில் ஒரு மலைப்பாம்பு வாழ்ந்தது. அதன் பேர் சுருளாண்டி. காட்டில் யாருக்கு எந்தப் பொருளைப் பத்திரமாக வைக்க வேண்டுமென்றாலும் அதனிடம்தான் வரவேண்டும்.

அதன் வீடு பொந்துப் பாறை. பாறை முழுக்க, ஒன்று, இரண்டு, மூன்று என்று நூற்றிருபது பொந்துகள். கோடைக்கு ஊரைவிட்டுப் போகிறவர்கள், குட்டி போட்டு வீட்டில் இடமில்லாமல் போனவர்கள், கல்யாணத்துக்குச் சீர் சேர்க்கிறவர்கள் என்று வாசலில் எப்போதும் கூட்டம்.

"பேர்?" என்று கேட்கும் பாம்பு. பெரிய ஆபீசில் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்க்காமலே கேட்பார்களே, அதே குரல்.

பேரைச் சொன்னதும் அதை லபக்கென்று விழுங்கிவிடும். பேர் கழுத்து வழியாக இறங்கி, வயிற்றில் மூன்று முறுக்கு வாங்கி, வால்நுனிக்குப் போய்ச் சேரும்போது பேராக இருக்காது. ஓர் எண்ணாக இருக்கும். வால் தரையில் படபடவென்று அத்தனை தடவை தட்டும். முப்பத்தேழு தட்டினால் முப்பத்தேழாம் பொந்து. அங்கே வேறு யாருடைய பொருளாவது இருந்தால் அடுத்த காலிப் பொந்து. ஆறு மாதம் கழித்து வந்து அதே பேரைச் சொன்னால் அதே முறுக்கு, அதே எண், அதே பொந்து. தேடுகிற வேலையே கிடையாது. கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் பொருள் கைக்கு வந்துவிடும்.

இதில் ஒரேயொரு தொல்லை. "எல்லார் பேரையும் வாசி" என்று கேட்டால் பாம்பு ஒன்றாம் பொந்தில் தொடங்கி நூற்றிருபது வரை வாசித்துக்கொண்டே போகும். பொந்தின் எண்ணுக்கும் ஆள் வந்த நேரத்துக்கும் கொஞ்சமும் சம்பந்தம் இருக்காது.

"யோவ் யோவ் யோவ்!" என்று வால்முத்து என்கிற குரங்கு மூச்சு விடாமல் கத்தும். "போன மாசம் வந்த என் பேரு கடைசில வருது, இப்பத்தான் குளத்துலேர்ந்து தாவி வந்த தவளை பேரு மொதல்ல வருது, அதுக்கு இன்னும் உடம்புல ஈரமே காயலய்யா!"

"பேரைச் சொல்லு, பொருளைத் தர்றேன். வரிசை என் வேலை இல்லை. ஸ்ஸ்... அடுத்து!"

குரங்குக்கு இது வெறும் வாய்ச்சண்டை. ஓடப்பனுக்கு அப்படியில்லை.

ஓடப்பன் மேற்குச் சரிவில் குடியிருந்த ஆமை. கூடப்பிறந்தது ஒரே தங்கை. தங்கைக்கு இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் ஓடப்பன்தான் தாய்மாமன். ஏழுபாறைக் காட்டுக் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்கள் தங்கள் சீர்த்தட்டைப் பாம்பிடம் கொண்டுபோய் வைப்பார்கள். முகூர்த்தத்தன்று பாம்பு பேர்களை வாசிக்க வாசிக்க, ஒவ்வொருவராகத் தட்டை வாங்கிக்கொண்டு பாறைக்கு எதிரே போட்ட பந்தலுக்குள் நடப்பார்கள். முதல் தட்டு தாய்மாமன் தட்டாக இருக்க வேண்டும். இருந்தால் மாமன் பாசத்தோடு முந்திக்கொண்டு வந்தான் என்று அர்த்தம். இல்லாவிட்டால் கடமைக்குத் தலையைக் காட்டினான் என்று அர்த்தம்.

மூத்தவள் கல்யாணத்துக்கு ஓடப்பன் பல மாதம் முன்பே கிளம்பியது. காய்ந்த நெல்லிக்காய் ஒரு குவியல், மஞ்சள் கிழங்கு ஒன்று, ஆற்றில் பொறுக்கிய வெள்ளைச் சிப்பி ஒன்று. மூன்றையும் தேக்கிலையில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டு, சரிவில் இறங்கி, ஓடையைச் சுற்றி, ஒருநாள்கூட நிற்காமல் மூன்று மாதம் நடந்தது. எல்லாருக்கும் முதல் ஆளாகப் போய்த் தட்டை வைத்தது. வால் நூற்றுப் பதினெட்டு தட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஓடப்பனுக்கு அப்போது தெரியவில்லை.

முகூர்த்தத்தன்று தெரிந்தது. தவளை போயிற்று. முயல் போயிற்று. பெண்வீட்டுக்கு எந்த உறவும் இல்லாத, சாப்பாட்டுக்கு மட்டும் வந்த ஓணான்கூடப் போயிற்று. எல்லாரும் போய் உட்கார்ந்து, பந்தலில் பேச்சு அடங்கிய பிறகு, "ஓடப்பன்!" என்றது பாம்பு. மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாமன் இப்பத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினாரோ?" என்றார் ஒருவர். கல்யாணம் எப்படியோ நடந்தது. ஆனால் மூத்தவள் போன வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால்கூட, "கடைசித் தட்டு மாமன் வளர்த்த பொண்ணுதானே" என்கிற பேச்சு வந்துவிடும்.

இப்போது இளையவள் புள்ளியம்மையைத் தாமரைக்குளத்திலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். பையன் தங்கமானவன். பையனின் அம்மா வடிவாச்சிதான் கொஞ்சம் கண்டிப்பு. நிச்சயத்தன்றே சொல்லிவிட்டாள்: "மொத தட்டு மாமன் தட்டா வரலேன்னா, நாங்க மாலைய எடுத்துக்கிட்டு வந்த வழியே போயிருவோம். அப்புறம் எங்களக் குத்தம் சொல்லப்பிடாது."

அன்றிலிருந்து ஓடப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. எவ்வளவு சீக்கிரம் போனாலும் வால் தட்டுகிற எண்ணை அது என்ன செய்ய முடியும்? பேரை மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தது.

அப்போதுதான் வால்முத்து கிளை கிளையாகத் தாவி வந்து சேதி சொன்னது.

"மாமோய்! சுருளாண்டி வீட்டை மாத்தி அடுக்கிடுச்சு! இப்பல்லாம் யாரு மொதல்ல வச்சாங்களோ அவங்க பேருதான் மொதல்ல வருது! போன கல்யாணத்துல நான் மூணாவதா வச்சேன், மூணாவதா வாசிச்சுது! ரெண்டாவதா இருந்த கீரிப்பிள்ளைகிட்டயே கேட்டுப் பாருங்க!"

நடந்தது இதுதான். பொந்துகள் நூற்றிருபதிலும் பொருளை நிரப்ப முடியாது. நிரப்பினால் புதுப் பேருக்குக் காலிப் பொந்து தேடித்தேடியே பாம்புக்கு மூச்சு வாங்கிவிடும். அதனால் மூன்றில் ஒரு பங்குப் பொந்துகள் எப்போதும் காலி. ஒவ்வொரு பொந்தும் ஒரு சீர்த்தட்டு நுழைகிற அகலம். இவ்வளவு பெரிய பாறையில் காவல்காரருக்குப் படுக்க இடமில்லை. பாதி உடம்பு வெளியே மழையில் கிடக்கும்.

ஒருநாள் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்ட பாம்புக்கு ஒரு யோசனை தோன்றியது. பாறை ஓரமாக ஒரு நீளப் பள்ளம் வெட்டியது. வருகிற பொருளையெல்லாம் அதில் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் வைத்தது. பொந்துகளில் பொருளுக்குப் பதில் ஒரு கூழாங்கல். 'பள்ளத்தில் இத்தனையாவது இடம்' என்று அதில் கீறல். கூழாங்கல்லுக்கு எதற்கு அகலப் பொந்து? சின்னஞ்சிறு பொந்துகள் போதும். பேரைச் சொன்னால் பழையபடி முறுக்கு, தட்டு, கல், பொருள். வேகம் குறையவில்லை, இடம் தாராளமாக மிஞ்சியது. அன்றைக்குத்தான் பாம்பு முதன்முறையாக நனையாமல் தூங்கியது.

எல்லார் பேரையும் வாசிக்கச் சொன்னால் பள்ளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டே போனால் ஆயிற்று. அப்படிப் பார்த்தால் வந்த வரிசை தானாக வந்துவிடுகிறது. இதை வால்முத்து கண்டுபிடித்துச் சொன்னபோது எல்லாரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டது பாம்புதான்.

"அப்படியா வருது? ஸ்ஸ்... நான் அதுக்காகச் செய்யலையே. இடம் வேணும்னு செஞ்சேன். வரிசை தற்செயலா வருது. யாரும் நம்பிடாதீங்க, நாளைக்கே மாத்தினாலும் மாத்துவேன்."

யார் கேட்டார்கள்? ஒரே மாதத்தில் காடே அந்த வரிசையை நம்பி வாழ ஆரம்பித்துவிட்டது.

ஓடப்பனும் முதுகில் தட்டைக் கட்டியது. மறுபடியும் மூன்று மாதம். மறுபடியும் முதல் ஆள். பாம்பு, இந்தக் கல்யாணச் சீருக்கென்று பள்ளத்தில் ஒதுக்கிய பகுதியின் தொடக்கத்திலேயே தட்டை வாங்கி வைத்தது. ஓடப்பன் போகவில்லை. பாம்புக்கு முன்னாலேயே நின்றது.

"ஏனுங் பாம்பண்ணா... என்ற தட்டு... முதல்ல வருமுங்களா?"

"இன்னைக்கு வாசிச்சா முதல்ல வரும்."

"முகூர்த்தத்தன்னைக்குங்க?"

"அன்னைக்கு எப்படி அடுக்கியிருப்பேனோ, யாருக்குத் தெரியும்? நான்தான் எல்லார்கிட்டேயும் சொல்லிட்டேனே, தற்செயல்னு."

"ஒரு வார்த்தை... சொல்லிப்போட்டீங்கன்னா... நிம்மதியா இருப்பனுங்க."

"வார்த்தையெல்லாம் தர்றதுக்கில்லை. அடுத்து!"

அடுத்து யாரும் இல்லை. ஓடப்பன் பாறைக்குப் பக்கத்திலேயே ஒரு நிழலில் உட்கார்ந்துகொண்டது. நாளுக்கு மூன்று தடவை போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்துத் தன் தட்டு அங்கேயே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டது.

பாம்பு கெட்ட பாம்பு இல்லை. அதற்கும் ஒரு ஆசை இருந்தது. பிறந்ததிலிருந்து அது சுருண்டுதான் படுத்திருக்கிறது. பள்ளத்தில் பெரிய தட்டுகளை ஒரு பக்கம், சின்னத் தட்டுகளை அவற்றுக்குள் என்று இன்னும் நெருக்கி அடுக்கினால், தலையிலிருந்து வால் வரை நேராக நீட்டிப் படுக்க இடம் கிடைக்கும். பாம்பு அளந்தே பார்த்துவிட்டது. அப்படி அடுக்கினால் வந்த வரிசை போய்விடும். வாக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் படுக்கை என்றைக்கும் இல்லை.

முகூர்த்த நாள் வந்தது. நல்ல வெயில். பந்தலில் மாவிலை. தாமரைக்குளத்தார் எல்லாரும் ஓட்டுக்கு எண்ணெய் பூசிப் பளபளவென்று வந்திருந்தார்கள். அடுத்த மலையிலிருந்து குடைவான் என்கிற பெருச்சாளியும் வந்திருந்தது. அங்கே அதற்கும் இதே தொழில்தான்.

பாம்பு தொண்டையைச் செருமியது. ஓடப்பன் கண்ணை மூடிக்கொண்டது.

"ஓடப்பன்!"

முதல் பேர்! வால்முத்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு விசில் அடித்தது. புள்ளியம்மை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி மாமனைப் பார்த்துச் சிரித்தாள். ஓடப்பன் தட்டை வாங்கி ஓரடி வைத்தது. இரண்டாம் அடிக்குக் காலைத் தூக்குவதற்குள்,

"நில்லுங்க!" என்றாள் வடிவாச்சி.

பந்தலே அவள் பக்கம் திரும்பியது.

"மாமன் தட்டு மொதல்ல வந்துட்டு. சந்தோசம். ஆனா பாம்பு அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். நீங்கதான வாரவுக போறவுககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்திய, 'இந்த வரிசை தற்செயலு, நம்பாதீய'ன்னு? அப்பம் இந்த மாமனும் தற்செயலாத்தான் மொத ஆளா?"

"அம்மா, அவர் முதல்ல வந்து வெச்சது நிஜம். என் கண்ணால பார்த்தேன்."

"மூத்தவ கல்யாணத்துக்கும் மொதல்லதான் வந்தாராம். அதையும் நீங்க பாத்தியல்லா? உங்க வாசிப்புல அது தெரிஞ்சுதா? இன்னைக்கு மொத மாமன், நாளைக்கு நீங்க அடுக்க மாத்திப்புட்டா கடைசி மாமன். எம்மவனுக்கு வார பேச்சுக்கு நான் எங்கபோயி பதில் சொல்ல? உங்க வாயில வார வரிசைக்கு அர்த்தம் உண்டுன்னா உண்டுன்னு சொல்லுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. நாங்க குளத்தப் பாத்துப் போயிருதோம்."

இத்தனை நாள் பாம்பு 'நம்பாதீர்கள்' என்று சொன்னது தன் கழுத்தில் சுருக்கு விழக்கூடாது என்றுதான். அந்தச் சொல் இப்படிச் சுற்றிவந்து ஓர் ஆமையின் கழுத்தில் விழும் என்று அது நினைக்கவில்லை.

பெருச்சாளி பக்கத்தில் வந்து காதைக் கடித்தது. "இன்னாபா, இதுக்குப் போயி முழிச்சினு கீற? என் மலையில நான் இன்னா பண்றேன்? ஒவ்வொரு தபா வாசிக்கசொல்லவும் வேணும்னே கலைச்சு வுட்டுடுவேன். காலைல ஒரு வரிசை, மத்தியானம் ஒரு வரிசை. ஒருத்தனும் நம்பமாட்டான், ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான். நீயும் இப்பவே கலைச்சு வுடு. மொதல்லயே கலைச்சு இருந்தீனா இந்த ரோதனையே இல்ல."

அதுவும் ஒரு வழிதான். பாம்பின் வால் பள்ளத்தை நோக்கி மெல்ல நகர்ந்தது. பந்தலே அந்த வாலைப் பார்த்துக்கொண்டிருந்தது. புள்ளியம்மையின் தலை மறுபடி ஓட்டுக்குள் போய்விட்டது.

அப்போது ஓடப்பன் தட்டைக் கீழே வைத்தது. அது கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"பாம்பண்ணா... ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறனுங்க. நீங்க நாளைக்கு மாத்துங்க, வேண்டாங்கல. குரங்குத்தம்பிக்குக் கவலையில்லீங்க. காலைல சேதி கேட்டா மத்தியானம் வந்து சரிபண்ணிக்கும். முயலு, மானு, எல்லாரும் அப்படித்தானுங்க. நானுங்க... இன்னைக்கு ஒண்ண நம்பிக் கிளம்புனா, வந்து சேர மூணு மாசமாகுமுங்க. கிளம்பறப்ப எப்படி இருந்துச்சோ, சேர்றப்பவும் அப்படியே இருக்கோணும். இல்லாட்டி என்னாட்டம் ஆளு... கிளம்பவே முடியாதுங்க."

அவ்வளவுதான் சொன்னது. பிறகு, அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று சுற்றிலும் பார்த்தது.

பாம்பின் வால் நின்றது. அது நீளப் பள்ளத்தைப் பார்த்தது. அளந்து வைத்திருந்த இடத்தையும் பார்த்தது. பிறகு உடம்பைச் சுருட்டி, சுருளின் உச்சியில் தலையைத் தூக்கி நிறுத்தியது. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வருகிற குரல் இல்லை இப்போது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ஸ்ஸ்... இந்த வரிசை தற்செயலா வந்ததுதான். அதை மறைக்க மாட்டேன். ஆனா இந்த நிமிஷத்திலேர்ந்து இது தற்செயல் இல்லை, என் வாக்கு. பொந்தை மாத்துவேன், பாறையை மாத்துவேன், வயித்துல முறுக்கற முறுக்கைக்கூட மாத்துவேன். வெச்ச வரிசையை மட்டும் மாத்த மாட்டேன். நான் மட்டுமில்லை, எனக்கப்புறம் என் பேரை வெச்சுக்கிட்டு யார் இந்த வேலையைச் செஞ்சாலும் அவங்களையும் இந்த வாக்கு கட்டிப்போடும்."

"அடப்பாவி," என்றது பெருச்சாளி. "காலத்துக்கும் மாட்டிக்கினியே!"

"மாட்டிக்கிட்டேன்," என்றது பாம்பு. குரலில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

வால்முத்துவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பாம்பண்ணே பாம்பண்ணே, என் தட்டுல வாழைப்பழம் அழுகிடுச்சு, அதை எடுத்துட்டு அங்கேயே மாம்பழம் வச்சா?"

"தட்டு உன் பேர்லயே இருக்குல்ல? அதே இடம்."

"தட்டையே எடுத்துட்டுப் போயிட்டு, மனசு மாறித் திரும்பக் கொண்டாந்தா?"

"அப்போ நீ புதுசா வந்த ஆளு. கடைசி."

"நெசமாவா?" என்று கேட்டபடியே குரங்கு தன் தட்டை உருவி எடுத்து, பந்தலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, திரும்ப நீட்டியது. பாம்பு அதை வாங்கிப் பள்ளத்தின் கடைசியில் வைத்தது. மூன்றாவதாக இருந்த குரங்கு நாற்பத்து நாலாவதாகிவிட்டது. "அய்யய்யோ, சும்மாதானே கேட்டேன்!" என்று அது தலையில் அடித்துக்கொண்டபோது பந்தலில் சிரிக்காதவர் இல்லை. வடிவாச்சிகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு அவள் எழுந்து ஓடப்பனிடம் வந்தாள். "நடங்க அண்ணாச்சி. ஒங்க பின்னாலதான் நாங்க எல்லாரும் வரணும். மெள்ளமா நடங்க, முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் கெடக்கு."

ஓடப்பன் தட்டைத் தூக்கியது. பாறையிலிருந்து மணவறைக்கு இருபது அடிதான். அதை நடக்க ஓடப்பனுக்கு அரை மணி ஆயிற்று. பின்னால் முயல், மான், கீரி என்று நாற்பத்து மூன்று பேர் தட்டோடு காத்து நின்றார்கள்; ஒருவர்கூட முந்தவில்லை. அந்த அரை மணியும் ஓடப்பன் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பாடுபட்டது. சிரிப்பு வந்து வந்து வாயை இழுத்தது. மூத்தவளின் மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே வந்ததும் ஓடப்பன் நின்று, வேண்டுமென்றே ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, மறுபடி நடந்தது.

மாலை மாற்றினார்கள். சாப்பாடு போட்டார்கள். ஓடப்பன் பல மாதத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டது. பாம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பாறைக்குத் திரும்பி, நாலு சுருளாகச் சுருண்டு, நனையாமல் தூங்கிற்று. பெருச்சாளி மட்டும் தன் மலைக்குப் போய் வழக்கம்போலக் கலைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வரிசையை யாரும் நம்புவதில்லை; நம்பச் சொல்லி அதுவும் கேட்பதில்லை. அதுவும் ஒருவகை நேர்மைதான்.

பாம்பின் வாக்கு மட்டும் இன்னும் நிற்கிறது. அந்த வாக்கால்தான், மலைப்பாம்பின் ஆங்கிலப் பேரை வைத்துக்கொண்ட கணினி மொழியில், பேரைச் சொன்னால் பொருளைத் தருகிற டிக்‌ஷனரி என்கிற பெட்டிக்குள் யார் எந்தப் பேரை எந்த வரிசையில் போட்டாலும் அவை அதே வரிசையில் வெளியே வருகின்றன. முதலில் வந்தது எவ்வளவு மெதுவாக வந்திருந்தாலும் சரி, அதன் பேரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.